திமோர்-லெஸ்தேயும் இந்தோனேசியாவும்: எரிந்த ஊர்களிலிருந்து ஆசியான் வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் திமோர்-லெஸ்தே, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 11-வது உறுப்பு நாடானது. 1999-ல் கம்போடியா சேர்ந்த பிறகு அந்த அமைப்புக்குள் புதிதாக யாரும் வரவில்லை, இதுதான் முதல் வரவு. பிரதமர் சனானா குஸ்மாவ் மேடையில் கண் கலங்கிய வீடியோவைப் பார்த்துவிட்டு, யார் இவர், ஓர் அமைப்பில் சேர்ந்ததற்கு எதற்கு அழுகிறார் என்று கேட்டவர்கள் பலர். அதை ஒட்டி வருகிற கேள்விகள் எல்லாமே ஆசியானில் ஆரம்பித்தாலும் கடைசியில் இந்தோனேசியாவில் போய்த்தான் நிற்கின்றன. அதனால் பதில்களிலும் இந்தோனேசியாதான் அதிகம் வரும்.

கிழக்குத் திமோர் என்று படித்திருக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். இந்தோனேசியத் தீவுகளின் தென்கிழக்குக் கோடியில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடமேற்கே திமோர் என்ற தீவு இருக்கிறது. கிழக்குப் பாதி இந்த நாடு, மேற்குப் பாதி இந்தோனேசியா. சந்தன மரத்துக்காக வந்த போர்ச்சுகீசியர் கிழக்கையும் டச்சுக்காரர்கள் மேற்கையும் பிடித்துக்கொண்டார்கள், 1904-ல் ஓர் ஒப்பந்தம் போட்டு 1914-ல் நடுவர் தீர்ப்பு வாங்கி எல்லைக்கோட்டையும் முடித்துக்கொண்டார்கள். இந்தோனேசியா விடுதலை பெற்றபோது டச்சுப் பாதி மட்டும் அதோடு போனது. நாட்டின் தலைநகர் டிலி. பரப்பளவு சுமார் 15,000 சதுர கிலோமீட்டர், 2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 13.4 லட்சம். ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர்கள்.

போர்ச்சுகல் போனதும் விடுதலை கிடைக்கவில்லையா? இந்தோனேசியா எப்படி உள்ளே வந்தது?

1974 ஏப்ரலில் லிஸ்பனில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது, காலனிகளைக் கைவிடும் வேலை தொடங்கியது. டிலியில் கட்சிகள் முளைத்தன. விடுதலை கேட்ட ஃபிரெட்டிலின் ஒரு பக்கம், யூ.டி.டி. (திமோர் ஜனநாயக ஒன்றியம்) இன்னொரு பக்கம், 1975 ஆகஸ்டில் இவர்களுக்குள்ளேயே சில வாரச் சண்டை நடந்தது. ஃபிரெட்டிலின் ஜெயித்து நவம்பர் 28-ம் தேதி விடுதலையை அறிவித்தது. அடுத்த ஒன்பதாவது நாள், டிசம்பர் 7, இந்தோனேசியப் படை டிலியில் இறங்கியது. பனிப்போர்க் காலம், இந்தோனேசியாவில் ராணுவத் தளபதி சுகார்த்தோவின் ஆட்சி, வியட்நாம் அப்போதுதான் கம்யூனிஸ்டுகளிடம் போயிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு இடதுசாரி நாடு வந்துவிடும் என்ற பயத்தைக் காட்டியே வல்லரசுகளின் மௌனத்தைச் சுகார்த்தோ வாங்கிவிட்டார். 1976 ஜூலையில் இது தங்களுடைய 27-வது மாகாணம் என்று ஜகார்த்தா அறிவித்தது. ஐ.நா. மட்டும் அதை ஒருநாளும் ஏற்கவில்லை. ஐ.நா. ஏட்டில் இது கடைசிவரை போர்ச்சுகலின் பொறுப்பில் இருந்த, தன்னாட்சி பெறாத பகுதிதான். பிற்பாடு எல்லாமே இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது.

இழப்பு எவ்வளவு?

நாட்டின் உண்மை ஆணையம் (வரவேற்பு, உண்மை, நல்லிணக்க ஆணையம் என்பது அதன் முழுப்பெயர்) 2005-ல் கொடுத்த அறிக்கையின்படி, 1974-லிருந்து 1999 வரை மோதலால் இறந்தவர்கள் குறைந்தபட்ச மதிப்பீடாகவே 1,02,800 பேர். இதில் சுமார் 18,600 பேர் கொல்லப்பட்டவர்கள் அல்லது காணாமல் போனவர்கள். மீதி சுமார் 84,200 பேர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள். படையெடுப்புக்கு முன்பு அங்கே இருந்ததே ஆறரை லட்சம் சொச்சம் பேர்தான்.

பசி என்று படித்துவிட்டு இதை இயற்கைப் பஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. மலைகளுக்கு ஓடிய மக்களைக் குண்டு போட்டுக் கீழே இறக்கி, முகாம்களில் அடைத்து, விதைக்கவும் அறுக்கவும் விடாமல் வைத்திருந்ததன் விளைவு அது. 1977-லிருந்து 1979 வரைதான் மிக மோசமான காலம்.

அக்கம்பக்கத்து நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன? இந்தியா?

ஆசியான் நாடுகள் இந்தோனேசியா பக்கம் நின்றன. 1975 டிசம்பரில் படையைத் திரும்பப் பெறச் சொல்லி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து எதிர்த்து வாக்களித்தன. இந்தியாவும் எதிர்த்துத்தான் வாக்களித்தது. காலனி ஆட்சியை எதிர்த்து எழுந்த நாடு, இன்னொரு காலனியின் விஷயத்தில் இப்படி நின்றது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

1991 நவம்பர் 12-ல் டிலியின் சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்தில் ஊர்வலமாகப் போன இளைஞர்களை ராணுவம் சுட்டது, அதை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் படம் பிடித்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் உலகம் கண் திறந்தது. 1996-ல் திமோரின் கத்தோலிக்க ஆயர் பெலோவுக்கும், வெளிநாடுகளில் விடுதலைக்காகப் பேசிவந்த ஜோஸே ராமோஸ்-ஹோர்த்தாவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கோலாலம்பூரில் கிழக்குத் திமோருக்காக ஆர்வலர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள், ஆளுங்கட்சியின் இளைஞர் கும்பல் ஓட்டலுக்குள் புகுந்து அதைக் கலைத்தது. அதே கோலாலம்பூரில்தான் 29 ஆண்டுகள் கழித்து அந்தக் கொடி ஏறியது. சனானாவின் கண்ணீருக்கு இதுவே ஒரு பாதி காரணம்.

பிறகு எப்படி இந்தோனேசியாவே வாக்கெடுப்புக்குச் சம்மதித்தது?

1997-98 பொருளாதார நெருக்கடியில் சுகார்த்தோ 1998 மே மாதம் விழுந்தார். அடுத்து வந்த ஹபிபி ஒரு பொறியாளர், ராணுவப் பின்னணி கிடையாது. கையில் காசில்லாத நேரத்தில் இந்த மாகாணம் வெறும் செலவு, உலக அரங்கில் தலைகுனிவு வேறு என்று அவருக்குப் பட்டது. 1999 ஜனவரியில், விரிந்த தன்னாட்சியை மக்கள் நிராகரித்தால் பிரிந்து போகலாம் என்று அறிவித்தார். மே 5-ல் இந்தோனேசியா, போர்ச்சுகல், ஐ.நா. மூன்றும் நியூயார்க்கில் கையெழுத்திட்டன. இதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வாக்கெடுப்பின்போது பாதுகாப்பு இந்தோனேசியப் படையிடமே விடப்பட்டது.

ஆகஸ்ட் 30, 1999. மிரட்டல்களுக்கு நடுவில், விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று 98.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 78.5 சதவீதம் பேர் விடுதலை கேட்டார்கள். முடிவு வந்த நாளிலிருந்து ராணுவம் வளர்த்துவிட்ட துணைப்படைகள் கொலை, தீவைப்பு, கட்டாய இடப்பெயர்ப்பு என்று ஆடித் தீர்த்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், சுமார் 2.5 லட்சம் பேர் மேற்குத் திமோருக்கு விரட்டப்பட்டார்கள், கட்டடங்களில் பெரும்பகுதி சாம்பலானது. செப்டம்பர் 20-ல் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை வந்து இறங்கியது. அதில் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் வீரர்களும் இருந்தார்கள், துணைத் தளபதியே தாய்லாந்துக்காரர். ஆசியான் நாடுகள் தங்கள் பழைய நிலையை விட்டு நகர ஆரம்பித்தது அங்கேதான். இரண்டரை ஆண்டு ஐ.நா. நிர்வாகத்துக்குப் பிறகு 2002 மே 20-ல் நாடு பிறந்தது, இந்தோனேசிய அதிபர் மேகாவதி அந்த விழாவுக்கு நேரில் வந்தார்.

எரித்தவர்களும் கொன்றவர்களும் தண்டிக்கப்பட்டார்களா?

மேலே இருந்தவர்கள் யாரும் தண்டிக்கப்படவில்லை. டிலியில் ஐ.நா. உதவியுடன் நடந்த விசாரணையில் சுமார் 390 பேர்மீது குற்றப்பத்திரிகை போட்டார்கள், அதில் 300-க்கும் அதிகமானவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள், இந்தோனேசியா ஒருவரைக்கூட ஒப்படைக்கவில்லை. தண்டனை பெற்ற 84 பேரும் பெரும்பாலும் கீழ்மட்டத் திமோர்க்காரத் துணைப்படை ஆட்கள், யாரோ கொடுத்த தீப்பந்தத்தைப் பிடித்தவர்கள். ஜகார்த்தாவிலும் ஒரு சிறப்பு நீதிமன்றம் வைத்தார்கள். 18 பேரை விசாரித்து 6 பேரைக் குற்றவாளி என்றது, அந்த ஆறு பேரும் மேல்முறையீட்டில் ஒவ்வொருவராக விடுதலையானார்கள்.

சனானா அந்தத் தளபதியைக் கட்டிப்பிடித்தது உண்மையா?

உண்மை. 1999-ல் இந்தோனேசிய ஆயுதப் படைகளின் தலைவராக இருந்தவர் விராந்தோ. 2004 மே மாதம் டிலியின் சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பிடியாணை போட்டது. அதே மாதக் கடைசியில் அப்போதைய அதிபர் சனானா பாலித் தீவில் அவரைச் சந்தித்துக் கட்டித் தழுவினார். விராந்தோ அந்த வருடம் இந்தோனேசிய அதிபர் தேர்தலில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தாயை இழந்தவர்களும் கணவனை இழந்தவர்களும் அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தார்கள்.

சனானா பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் காட்டில் கெரில்லாப் படையை நடத்தியவர், 1992-ல் பிடிபட்டு ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர். மன்னிப்பைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியானவர் குறைவு. அவர் கணக்கு இதுதான்: நிலத்தில் எல்லை இருப்பது ஒரே ஒரு நாட்டோடு, அந்த நாடு மக்கள்தொகையில் நம்மைப்போல இருநூறு மடங்கு பெரியது, டிலி கடைகளில் இருக்கும் அரிசி, சோப்பு, சிமென்ட், நூடுல்ஸ் வரை அங்கிருந்துதான் வருகிறது, பிள்ளைகள் கல்லூரி படிக்க அங்கேதான் போகிறார்கள், எல்லைக்கு அப்பால் முகாம்களில் ஆயுதம் பிடித்துப் பழகியவர்கள் காத்திருக்கிறார்கள். ஜகார்த்தாவில் அப்போதுதான் தளிர்விட்ட ஜனநாயகம் பிழைத்தால்தான் டிலிக்கும் நிம்மதி, ராணுவத்தைச் சீண்டினால் அதுவே கருகிவிடும் என்று நினைத்தார்.

நாட்டை நடத்துகிறவராக அவர் எடுத்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுத்தது அவர் மட்டும் இல்லை. கேட்காமலேயே மற்றவர்களின் வழக்கையும் சேர்த்து அவர் விட்டுக்கொடுத்தார், அந்தக் கடன் அப்படியேதான் நிற்கிறது.

இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த ஆணையம் என்ன கண்டது?

உண்மை மற்றும் நட்புறவு ஆணையம் 2005-ல் அமைந்தது. யாரையும் வழக்குக்குப் பரிந்துரைக்க அதற்கு அதிகாரம் கிடையாது, பெயரிலேயே நீதி இல்லை என்று பலர் ஒதுக்கித் தள்ளினார்கள், ஐ.நா. தன் அதிகாரிகளைச் சாட்சி சொல்ல அனுப்ப மறுத்தது. ஆனால் 2008 ஜூலையில் வந்த அறிக்கை எதிர்பார்த்ததைவிட நேர்மையாக இருந்தது. 1999 குற்றங்களுக்கு இந்தோனேசிய ராணுவம், காவல்துறை, சிவில் நிர்வாகம் மூன்றுக்கும் அமைப்பு ரீதியான பொறுப்பு உண்டு என்று அது எழுதியது. இந்தோனேசியாவின் சொந்த ஆட்கள் பாதி இருந்த ஆணையம் அது! விடுதலைத் தரப்பில் நடந்த தவறுகளையும் எழுதியது. இந்தோனேசிய அதிபர் யுதயோனோ அறிக்கையை ஏற்றார், ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்ட இந்தோனேசிய அதிபர் அப்துர்ரஹ்மான் வாகித்தான், 2000 பிப்ரவரியில் டிலிக்கு வந்தபோது.

அறிக்கைக்கு அடுத்த ஆண்டே அதற்கு ஒரு சோதனை வந்தது. சுவாய் தேவாலயத்தில் 1999 செப்டம்பரில் மூன்று குருமார்களும் அடைக்கலம் தேடி வந்த மக்களும் கொல்லப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட துணைப்படைத் தலைவர் ஒருவர் எல்லை தாண்டி ஊருக்கு வந்தார், ஊரார் பிடித்துக் காவல்துறையிடம் கொடுத்தார்கள். வாக்கெடுப்பின் பத்தாம் ஆண்டு விழா நாளான 2009 ஆகஸ்ட் 30-ல் அரசு அவரை நீதிமன்ற உத்தரவு எதுவும் இல்லாமல் இந்தோனேசியத் தரப்பிடம் ஒப்படைத்தது. இந்த ஒரு சம்பவத்தை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

ஊர் மட்டத்தில் நல்லிணக்கம் நடந்ததா?

நடந்தது, அங்கேதான் நன்றாக நடந்தது. கொலை, பாலியல் வன்முறை போன்றவை நீதிமன்றத்துக்கு. வீட்டை எரித்தது, மாட்டைக் கொண்டுபோனது, அடித்தது போன்ற குற்றங்களைச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்ப விரும்பியவர்கள் உண்மை ஆணையத்திடம் வாக்குமூலம் எழுதிக் கொடுக்கலாம். அரசு வழக்கறிஞர் அலுவலகம் அதைப் பார்த்து, பெரிய குற்றம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பும். பிறகு ஊர்ப் பொதுவில் பெரிய பாயை விரிப்பார்கள். அது அந்த மண்ணின் பழைய வழக்கம், பேச வேண்டியது முடியும்வரை பாயைச் சுருட்டுவதில்லை. பெரியவர்கள் வம்ச வழக்கப்படி உட்காருவார்கள், ஆணையத்தின் உள்ளூர்க் குழு நடத்தும், செய்தவர் எல்லோர் முன்னாலும் செய்ததைச் சொல்வார், பாதிக்கப்பட்டவர் நேருக்கு நேர் கேள்வி கேட்பார். சில இடங்களில் ராத்திரி வரை போகும். முடிவில் மன்னிப்போடு சேர்ந்து ஒரு வேலையும் உண்டு, பள்ளிக்கூடத்தைச் சரிசெய்வது, வேலி கட்டித் தருவது, ஒரு பன்றி கொடுப்பது என்று. ஒப்பந்தம் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவாகும், அதை முடித்துவிட்டால் அவர்மேல் வழக்கு கிடையாது. இப்படி 1,371 பேர் முடித்திருக்கிறார்கள்.

எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள், ஆணையத்தின் காலம் முடிந்துவிட்டதால் இன்னும் பலர் காத்திருந்தும் இடம் கிடைக்கவில்லை. ஒரு மனக்குறையும் இருந்தது, இன்றும் இருக்கிறது. வீட்டை எரித்தவன் பாயில் உட்கார்ந்து வேலி கட்டிக் கொடுத்தான், எரிக்கச் சொன்னவன் எல்லைக்கு அப்பால் ஓய்வூதியம் வாங்குகிறான் என்பதுதான் அது.

கொண்டுபோகப்பட்ட குழந்தைகள் பற்றிக் கேள்விப்பட்டோம், அது என்ன?

ஆக்கிரமிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கான திமோர்க் குழந்தைகள் ராணுவ வீரர்களாலும் நிறுவனங்களாலும் இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிலர் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்தார்கள், சிலர் வேலைக்காரப் பிள்ளைகளாக. பெயர் மாறியது, பலருக்கு மதமும் மாறியது. இன்று அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது. 2013-லிருந்து இரு நாட்டு மனித உரிமை அமைப்புகள் சேர்ந்து அவர்களைத் தேடிக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கின்றன. அந்தச் சந்திப்புகளில் அம்மாவோடு பேச மகனுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறது. இரண்டு அரசுகளும் ஆவணங்களைத் திறந்தால் இந்த வேலை வேகமாக முடியும், காணாமல் போனவர்களுக்காக ஒரு கூட்டு ஆணையம் வேண்டும் என்று 2008 அறிக்கையே பரிந்துரைத்தது. பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லையில் இப்போது நிலைமை எப்படி?

சாதாரண நாட்களில் அமைதிதான். பத்துகாதே, மோத்தாயின் சாவடி வழியாக லாரிகள், பேருந்துகள், சந்தைக்குப் போகிறவர்கள் வந்து போகிறார்கள். இருபுறமும் ஒரே மொழி பேசும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள். 2005-ல் நில எல்லையின் பெரும்பகுதி முடிவானது, ஒய்குசியை ஒட்டிய சில இடங்கள் மட்டும் ஆண்டுக்கணக்காக இழுத்தன. ஒய்குசி என்பது மேற்குத் திமோருக்குள் இந்தோனேசிய நிலத்தால் சூழப்பட்ட, ஒரு பக்கம் மட்டும் கடல் உள்ள துண்டு. டிலியிலிருந்து அங்கே தரைவழியாகப் போக இந்தோனேசியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், இல்லையென்றால் கப்பலோ விமானமோ. அந்த மக்களுக்கு நல்லுறவு என்பது ஆஸ்பத்திரிக்குப் போவது, கல்யாணத்துக்குப் போவது சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆசியானில் சேர ஏன் இத்தனை வருடம்?

2011 மார்ச்சில் விண்ணப்பம் கொடுத்தார்கள், அதுவும் இந்தோனேசியா தலைமை வகித்த ஆண்டில், ஜகார்த்தாவில். அப்போதிருந்தே வெளிப்படையாக ஆதரித்த நாடு இந்தோனேசியாதான். ஒரு காலத்தில் இவர்களை ஆக்கிரமித்தது எந்த நாடோ அதே நாடு. தயக்கம் சிங்கப்பூர் போன்ற நாடுகளிடமிருந்து வந்தது. ஆசியான் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்துகிறது, ஆங்கிலத்தில் ஆவணம் படித்துப் பேச அதிகாரிகள் வேண்டும், பொருளாதார ஒப்பந்தங்களுக்கு ஏற்ப நூற்றுக்கணக்கான சட்டங்களை மாற்ற வேண்டும், சாசனப்படி செயலகச் செலவை உறுப்பு நாடுகள் சமமாகப் பங்கிட வேண்டும். இந்த நாட்டில் ஆட்சி மொழிகள் தேத்தும் என்ற உள்ளூர் மொழி, போர்ச்சுகீசு ஆகிய இரண்டு. இந்தோனேசிய மொழியும் ஆங்கிலமும் அலுவல் மொழிகள். ஐயம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன், பதினான்கு ஆண்டு இழுத்தது அதிகம்.

2022 நவம்பரில் கம்போடியாவின் நோம்பென் நகரில் நடந்த மாநாட்டில் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்து, பார்வையாளர் நாடானது. 2023 மே மாதம் இந்தோனேசியாவின் லாபுவான் பாஜோவில் செய்ய வேண்டியவற்றின் பட்டியலைக் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்ட் 30-ல் உலக வர்த்தக அமைப்பில் 166-வது உறுப்பினராகச் சேர்ந்தது பெரிய உதவி, பல சட்டத் திருத்தங்கள் அதற்காகவே முடிந்துவிட்டன.

மியன்மார் விஷயத்தில் இவர்கள் பேசினார்களே, இனி வாய் மூடிவிடுவார்களா?

2023 ஜூலையில் சனானாவின் பதவியேற்புக்கு மியன்மாரின் ராணுவ எதிர்ப்பு அரசின் பிரதிநிதியை அழைத்தார்கள், அடுத்த மாதம் மியன்மார் ராணுவ அரசு திமோர்-லெஸ்தேயின் தூதரக அதிகாரியை வெளியேற்றியது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. ஆசியானுக்குள் ஒருமித்த முடிவு, உள்விவகாரத்தில் தலையிடாமை என்ற இரண்டு விதிகள் உண்டு, உள்ளே போனதும் குரல் தணியும் ஆபத்து இருக்கிறது. ஏற்கெனவே ஓர் இடத்தில் தணிந்துதான் இருக்கிறது: நியூ கினித் தீவின் மேற்குப் பாதியான மேற்குப் பப்புவா இந்தோனேசியாவின் பகுதி என்பதே டிலி அரசின் நிலை. பப்புவா மக்கள் தங்களைப் போலவே துன்பப்படுகிறார்கள் என்று திமோரின் இளைஞர்களுக்குத் தெரியும், அரசு பேசாது. ஜகார்த்தாவின் நட்புக்குக் கொடுக்கும் விலைகளில் இதுவும் ஒன்று.

சரி, ஆசியானில் சேர்ந்ததால் சாப்பாட்டுக்கு வழி பிறக்குமா?

உடனே பிறக்காது. நாட்டின் செலவில் பெரும்பகுதி 2005-ல் தொடங்கிய பெட்ரோலிய நிதியிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் சுமார் 1,800 கோடி டாலர் இருக்கிறது, ஆனால் அதை நிரப்பிய பாயு-உந்தான் கடல் எரிவாயு வயல் 2025-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எடுக்கும் வேகத்தில் எடுத்துக்கொண்டே போனால் நிதி கரையும். இன்னும் எடுக்கப்படாத கிரேட்டர் சன்ரைஸ் வயலின் எரிவாயுக் குழாய் திமோர் பக்கம் வருமா டார்வின் பக்கம் போகுமா என்ற விவாதம் பல ஆண்டாக நடக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். படித்த இளைஞர்கள் ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்கும் தென்கொரியாவுக்கும் போகிறார்கள்.

எண்ணெய் தவிர ஏற்றுமதி என்றால் முக்கியமாகக் காபிதான். நம்மூர் காபிப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: இலைத்துரு நோயைத் தாங்கும் ஓர் இயற்கைக் கலப்புச் செடி இந்தத் தீவில்தான் கிடைத்தது, அதன் வழியில் வந்த காவேரி, சந்திரகிரி ரகங்கள் இந்தியத் தோட்டங்களில் வளர்கின்றன.

ஆசியான் கொடுப்பது சந்தை, முதலீட்டாளருக்கு ஒரு நம்பிக்கை, அதிகாரிகளுக்குப் பயிற்சி. தனக்கென ஏற்றுமதி செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லாத நாட்டுக்குத் திறந்த சந்தை ஆபத்தும்கூட, வெளிச்சரக்கு இன்னும் மலிவாக வந்து உள்ளூர் விவசாயியை அடிக்கும்.

ஆஸ்திரேலியாதான் காப்பாற்றியது என்கிறார்களே?

1999-ல் படை அனுப்பியது உண்மை, அதற்கு நன்றி உண்டு. ஆனால் இந்தோனேசிய இணைப்பைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டு, 1989-ல் திமோர்க் கடல் எண்ணெயைப் பங்கு போட ஜகார்த்தாவோடு கையெழுத்திட்டதும் அதே ஆஸ்திரேலியாதான். கடல் எல்லைக்காகத் திமோர்-லெஸ்தே அதை ஐ.நா. சமரச நடவடிக்கைக்கு இழுத்துப் போய் 2018-ல் ஒப்பந்தம் வாங்கியது.

பிரபோவோ இப்போது இந்தோனேசிய அதிபர். திமோர் மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?

அவர் சிறப்புப் படை அதிகாரியாகக் கிழக்குத் திமோரில் பணியாற்றியவர், அவர்மீது மனித உரிமைக் குற்றச்சாட்டுகள் உண்டு, அவர் மறுத்து வருகிறார். 2024 அக்டோபரில் அவர் பதவியேற்றபோது டிலித் தலைவர்கள் வாழ்த்தினார்கள். வயதில் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் கசக்கிறது. மக்களில் பெரும்பகுதி 1999-க்குப் பின் பிறந்தவர்கள், அவர்களுக்கு இந்தோனேசியா என்றால் பாட்டு, தொலைக்காட்சி, கால்பந்து, படிப்பு. இதைத் தவறென்று சொல்ல முடியாது. ஹபிபி மீது மட்டும் பரவலான அன்பு உண்டு, 2019-ல் டிலியில் ஒரு பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், சில வாரங்களில் அவர் காலமானார்.

ஈழத்தோடு ஒப்பிடலாமா?

தமிழில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சட்ட ரீதியாக இரண்டும் வேறு. திமோர் ஐ.நா. பட்டியலில் இருந்த காலனி, படையெடுப்பைக் கண்டித்து பாதுகாப்பு மன்றமே 1975-லும் 1976-லும் தீர்மானம் போட்டது, கடைசியில் ஆக்கிரமித்த நாடே வாக்கெடுப்புக்கு ஒப்புக்கொண்டது. இது எதுவும் இலங்கையில் கிடையாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை வைத்துத்தான் ஒப்பிட முடியும். 2017-லிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் படத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் டிலியில் பிள்ளையைத் தேடும் அம்மாக்களும் கேட்பது ஒன்றுதான், என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று. அந்தப் பதிலைச் சொல்லும் கடமை, நாடு பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், அரசுக்கு உண்டு.

இனி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இந்தோனேசியாவோடு கடல் எல்லை இன்னும் முடிவாகவில்லை, பேச்சு நடக்கிறது. இந்த நட்பின் உண்மையான எடை அந்தக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதில் தெரியும். உள்நாட்டில், போராளிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்கிறது, சாதாரணப் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் பலமுறை தள்ளிப்போனது. அந்தச் சட்டத்துக்கு ஜகார்த்தாவின் சம்மதம் தேவையில்லை, டிலியே செய்யலாம். உண்மை ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர 2016-ல் ஒரு தேசிய நினைவு நிறுவனம் அமைத்தார்கள், பாலிதே என்ற பழைய சிறைக் கட்டடத்தில் இயங்குகிறது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். டிலிக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் அதையும் சாந்தா குரூஸ் கல்லறையையும் பாருங்கள். இந்தியாவும் 2023-ல் டிலியில் தூதரகம் திறப்பதாக அறிவித்தது, மறு ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் முர்மு நேரில் போய் வந்தார்.